அடுத்த வாளி

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில், சமூகஜோதி, மலையகச் செம்மல், அகில இலங்கைச் சமாதான நீதவான், உயர்திரு எஸ். இராயப்பன் ஜே.பி. அவர்கள், தலவாக்கலை கூனிமலைத் தோட்டம் மேற்பிரிவிலுள்ள தமது இல்லத்தில், எமது மக்களின் இருநூறு ஆண்டுகால வரலாற்றில் முதன்முறையாக, நீராவிக் குளியலறை ஒன்றை நிறுவியுள்ளார்கள் என்பதும், மேற்படி குளியலறை வரும் ஞாயிறு பூசை முடிந்த கையோடு நாடா வெட்டித் திறந்துவைக்கப்படும் என்பதும் ஆகும். அனைவரும் வருக. துவாய் கொண்டுவரத் தேவையில்லை.

இந்த அறிவித்தல் தலவாக்கலை பஸ் நிலையத்திலிருந்து தோட்டத்து மாதா கோயில் முகப்பு வரை பதாகையாகத் தொங்கியது. ஜே.பி. என்றாலும் சமாதான நீதவான் என்றாலும் ஒன்றுதான். ஒருமுறை போட்டால் பார்க்காமல் போகிறவன் இருப்பான் என்று இராயப்பன் எப்போதும் இரண்டு முறை போட்டுக்கொள்வார். பதாகையில் அவர் வெள்ளைக் கோட்டுடன், கைகூப்பி, மேகங்களுக்கு நடுவே நின்றார். அது மேகமில்லை, நீராவி என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

அவருக்கு நீராவி ஞானம் கிடைத்தது நுவரெலியாவில். கல்யாணத்துக்குப் போன இடத்தில், ஹோட்டல்காரர்கள் அவரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் கொஞ்ச நேரம் அவித்து அனுப்பினார்கள். வெளியே வந்தவர் கண்கலங்கி, "இத்தன வருசமா நான் குளிக்கவே இல்ல கேத்ரின்" என்றார். மனைவி கேத்ரின் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு திடுக்கிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய குளியலறை இடிபட்டது. அந்த வீடு ஒரு காலத்தில் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் பங்களா. தகரக் கூரை, உயர்ந்த சன்னல், விறகடுப்பில் தண்ணீர் சுடவைக்கும் செப்பு அண்டா. அண்டா போனது. வெள்ளை டைல் வந்தது. தரையைத் தொடாமல் சுவரில் தொங்கும் கொமட் வந்தது. துவாயைச் சூடாக்கும் கம்பி வந்தது. ஒரு மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட நீராவி அறை, உள்ளே ஒரு பலகை, சுவருக்குப் பின்னால் சூட்கேஸ் அளவு மிஷின். மிஷினை விற்றவர் தலவாக்கலை ஹார்ட்வெயார் கடை அலியார் நானா. பூட்டியவர் அவருடைய மகன் ஷிஹாம்.

"வாளியில மொண்டு ஊத்திக் குளிக்கிற காலம் முடிஞ்சிருச்சு" என்று இராயப்பன் அறிவித்தார். "இனி இந்த வீட்டுல ஒரு வாளி இருக்கக் கூடாது."

வாளிகள் வெளியேற்றப்பட்டன. தரை கழுவக்கூட ரப்பர்க் குழாய்தான். மலையேறிக் கொழுந்து பறித்து வியர்க்கிற வாழ்க்கையை ஒழிக்கத்தான் அவர் இளவயதில் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். அது அவருக்கு மட்டும் ஒழிந்தது. இப்போது அந்த வியர்வையைத் திரும்ப வரவழைக்க மிஷின் வாங்கியிருந்தார்.

மிஷினுக்குத் தண்ணீர் வேண்டும். மேலே ஊற்று, நடுவே இராயப்பன், கீழே தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம். ஊற்றுத் தண்ணீர் காலங்காலமாக இராயப்பனைச் சட்டை செய்யாமல் கீழே இறங்கி, லயத்தின் ஓரத்தில், கல்லில் செருகிய ஒரு தகரவாய் வழியாக விழுந்துகொண்டிருந்தது. அதுதான் பீலி. லயத்து ஆட்கள் குளிப்பதும் துவைப்பதும் குடிக்கப் பிடிப்பதும் அங்கேதான்.

பீலிக்கு ஒரு சட்டம் இருந்தது. நாடாளுமன்றத்தில் நிறைவேறாததால் எல்லோரும் அதைக் கடைப்பிடித்தார்கள். வருகிறவர் வாளியை வரிசையில் வைக்க வேண்டும். வாளி நின்றால் ஆள் நிற்பதற்குச் சமம். குளிக்கிறவரை அவசரப்படுத்தக் கூடாது. குளித்து முடித்தவர், "அடுத்த வாளி" என்று சத்தமாகக் கூப்பிட்டு, அந்த வாளிக்காரர் வந்த பிறகுதான் பீலியை விட்டு இறங்க வேண்டும். கூப்பிடாமல் இறங்கிப்போன ஒருத்தியால் இரண்டு குடும்பங்கள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, விவகாரம் சங்கம் வரை போன பிறகு வந்த விதி அது. அப்படியானால் கடைசியாகக் குளிப்பவர் என்ன செய்வார் என்று யாரும் கேட்டதில்லை. மேற்பிரிவு லயத்தில் வாளி தீர்ந்த நாள் கிடையாது.

இராயப்பனும் அந்த வரிசையில் நின்று வளர்ந்தவர்தான். இதைப் பதாகையில் போடவில்லை. லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த அந்தோனியம்மா, அவரைவிடச் சில வயது மூத்தவர், பள்ளிக்கூட நாட்களில் தன் வாளியைப் பின்னுக்குத் தள்ளி அவரை முன்னால் விடுவார். "ராயப்பு, நீ முன்னுக்குக் குளி. பள்ளிக்கொடத்துக்கு நேரமாச்சுல்ல. என் மொறய பொறகு பாத்துக்கலாம்." அவர் படித்தது அப்படி விட்டுக்கொடுத்த முறைகளில்தான்.

அந்த ஊற்றின் வாயில்தான் ஒரு கறுப்புக் குழாய் பொருத்தப்பட்டது. வீட்டுத் தண்ணீர்த் தாங்கி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் லயத்துக்கு என்பது ஏற்பாடு. தாங்கி நிரம்பியது. மிச்சம் இராயப்பனின் லீக்ஸ் பாத்திக்குப் போனது. லயம் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே ஆற்றுக்குப் போனது.

மழை கொட்டிய ஒரு பிற்பகலில் அந்தோனியம்மா மலையிலிருந்து நேரே அவர் கேட்டுக்கு வந்தார். தலையில் நனைந்த கம்பளி, காலில் அட்டை கடித்த இரத்தம், கையில் ஒரு நீல வாளி. பிடி உடைந்து, வேலிக்கம்பியை வளைத்துப் போட்ட வாளி.

"தம்பி, பீலி காஞ்சுபோச்சு. இந்த ஒடம்போட ஆத்துக்கு எறங்கி ஏற முடியல. ஒரு வாளி புடிச்சுக்கிறேன்."

இராயப்பன் குடைபிடித்துக் காரில் ஏறிக்கொண்டிருந்தார். "டேங்க் இன்னும் நெறயலக்கா. வாளிய வச்சிருங்க. ஒங்க மொற வந்ததும் கூப்புடுறேன்."

"நீயே கூப்புடுவியா?"

"நானே கூப்புடுறேன்."

அந்தோனியம்மா கேட்டருகே வாளியை வைத்துவிட்டு அதன் பக்கத்தில் குந்தினார். வாளி வைத்தவர் வாளிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். இராயப்பன் ஹட்டனுக்குப் போய், "தண்ணீர் எங்கள் பிறப்புரிமை" என்ற தலைப்பில் பேசினார். பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்தபோது வாளி மட்டும் இருந்தது. விறைத்துப்போன தாயை மகள் டிலுக்ஷி முதுகில் சுமந்துகொண்டு போயிருந்தாள்.

நெஞ்சில் சளி கட்டி, அந்த வாரமே ஆஸ்பத்திரியில் தாயின் கதை முடிந்தது. இராயப்பன் மலர்வளையம் அனுப்பினார். அவருடைய பட்டங்களுக்கு நாடாவில் இடம் போதாமல், அந்தோனியம்மாவின் பெயரைச் சுருக்கிப் போட்டார்கள். கேட்டில் நின்ற வாளியை டைல் பதிக்க வந்த மேசன் பாஸ் எடுத்து வெள்ளைச் சீமெந்து குழைத்தார். வேலை முடிந்ததும் பள்ளத்தில் வீசினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

விருந்தினர் லயத்தைத் தாண்டித்தான் மேடேறி வந்தார்கள். பீலி இருந்த இடத்தில் பாசி காய்ந்து கறுத்திருந்தது. அதற்கு முன்னால், வெறுங்கல்லில், காலங்காலமாக வாளிகள் நின்ற வட்டத் தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. யாரும் நின்று பார்க்கவில்லை. மேலே கேக் இருந்தது.

இராயப்பன் தானே நாடா வெட்டினார். அந்தத் தகுதியுள்ள வேறு ஆள் கிடைக்கவில்லை. குளியலறை வாசலில் பதித்த, தன் பெயர் பொறித்த கருங்கல்லின் திரையையும் தானே விலக்கினார். பிறகு வெள்ளை அங்கி அணிந்து, கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனார். மிஷின் சீறியது. யூக்கலிப்டஸ் தைல மணம் கூடம் வரை பரவியது. விருந்தினர் ரோல்ஸ் கடித்துக்கொண்டு, ஒரு மனிதர் வேர்ப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

அவர் வெளியே வந்தபோது அவித்த பீட்ரூட் நிறத்தில் இருந்தார். தோளில் துவாய், தலைமயிரில் ஈரம், உடம்பில் சூடு, முன்னால் காத்திருக்கும் முகங்கள். "மலையகம் மாறிவிட்டது" என்று தொடங்கும் உரையைப் பாடமாக்கி வைத்திருந்தார். ஆனால் குளித்த உடம்புக்குத் தெரிந்த பேச்சு வேறு. அவர் யோசிப்பதற்குள் வாய் கூவிவிட்டது.

"அடுத்த வாளி!"

 அலியார் நானா முதலில் சிரித்தார். "ஜே.பி., பீலி ஞாபகம் இன்னும் போகல்ல போல ஈக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். இராயப்பனும் சிரிக்க வேண்டியதாயிற்று. சிரிப்பு அடங்கும்போதுதான் அவருக்குப் பின்னால் அது நடந்தது.

திறந்து கிடந்த கண்ணாடிக் கதவு மெல்ல மூடிக்கொண்டது.

காற்று இல்லை. சன்னல்கள் சாத்தியிருந்தன. யூக்கலிப்டஸ் மணத்தைத் தள்ளிக்கொண்டு வேறொரு நாற்றம் கூடத்துக்கு வந்தது. நனைந்த கம்பளியின் நாற்றம். பச்சைக் கொழுந்தின் துவர்ப்பும் அதில் கலந்திருந்தது.

உள்ளே தண்ணீர் விழத் தொடங்கியது. ஷவரில் விழும் சத்தம் இல்லை. வாளியின் வெற்றடியில் கடகடவென்று விழுந்து, ஏற ஏறச் சத்தம் தடித்து, நிரம்பி அடங்கியது. பிறகு மொண்டு உடம்பில் ஊற்றும் சத்தம். நிதானமாக. ஒன்றன்பின் ஒன்றாக.

அந்த வீட்டில் வாளி கிடையாது.

"உள்ளுக்கு யாருங்க?" கேத்ரின் காதோரம் கேட்டார்.

"யாருமில்ல. மிஷின் தானாக் கழுவிக்கும். வெளிநாட்டு மிஷின்."

உள்ளே யாரோ இருமினார்கள். நெஞ்சின் அடியிலிருந்து, சளி புரள, நீண்ட இருமல்.

"வெளிநாட்டு மிஷின் இருமுமாங்க?"

விருந்தினர் கேக்கை முடிக்காமலே போய்ச் சேர்ந்தார்கள்.

மறுநாள் காலையில் வீட்டுக் குழாய் எதிலும் தண்ணீர் வரவில்லை. தாங்கி தளும்பி நின்றது. அடுக்களைக் குழாய் வறண்டு இழுத்தது. வெளிக்குழாயும் அப்படியே. நீராவி அறையில் மட்டும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடி வெளுத்து, உள்ளே எதுவும் தெரியாமல், சூடாக நின்றது.

ஷிஹாம் கருவிப் பெட்டியோடு வந்தார். மெயின் சுவிட்சை அணைத்தார். மிஷினின் வயரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நீராவி அடங்கவில்லை. அவர் குனிந்து கண்ணாடியில் கண்ணை வைத்தார். அப்போது உட்புறத்திலிருந்து ஒரு கை, ஆவியில் சின்ன வட்டமாகத் துடைத்தது. வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்குத் துடைப்பதைப் போல. கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்கள்.

ஷிஹாம் கருவிகளைச் சத்தமில்லாமல் பெட்டியில் அடுக்கினார்.

"என்ன தம்பி, என்னா பழுது?"

"பழுது ஒண்டும் இல்ல சேர். உள்ளுக்கு ஆள் ஈக்காங்க. அவங்க முடிச்ச பொறகு எனக்குச் செல்லி அனுப்புங்க, வாரேன்."

அன்று பகல் குளியலறை வாசலில், கருங்கல்லுக்கு நேர் கீழே, நீல வாளி நின்றது. வேலிக்கம்பிப் பிடி. அடியில் வெள்ளைச் சீமெந்து காய்ந்து ஒட்டியிருந்தது. இராயப்பன் அதைத் தூக்கிப் பள்ளத்தில் வீசினார். திரும்பி வந்தபோது அது வாசலில் நின்றது, சற்று முன்னே நகர்ந்து.

வீசினார். வந்தது.

மூன்றாம் தரம் தூக்கியபோது கனத்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். காலியாக இருந்தது. ஆனாலும் இரண்டு கையாலும் அசைக்க முடியவில்லை. ஒரு ஆள் அதைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பதைப் போல.

கேத்ரின் அந்த வாளியை அடையாளம் கண்டார். அந்த மழைநாளில் சன்னல் வழியாக அதைப் பார்த்தவர், பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டவர்.

"பீலியத் தொறந்து விட்டுருங்க" என்றார்.

"தொறக்கவா? செத்த பொம்பளைக்குப் பயந்து தண்ணி விட்டான்னு லயத்துல பேசுவாங்க. சங்கத்துல சிரிப்பாங்க."

"உயிரு போனா எங்க போயிச் சிரிக்கிறது?"

"சும்மா இரு கேத்ரின். குளிக்கத்தானே வந்திருக்கு. குளிச்சுட்டுப் போகட்டும்."

அது போகவில்லை. இராயப்பன் குளிக்காமல் இருந்தார். போத்தல் தண்ணீர் வாங்கி மூடியைத் திருகினால் உள்ளே ஈரம்கூட இல்லை. நுவரெலியாவுக்குப் போய், ஞானம் பெற்ற அதே ஹோட்டலில் அறை எடுத்தார். குளியலறைக் கதவைத் திறந்தார். வெள்ளைப் பளிங்குத் தரையின் நடுவில் நீல வாளி, அவருக்கு முன்னால், வரிசையில் நின்றது. அறைக்குள்ளிருந்து இருமல் கேட்டது. அறைப் பையனை அழைத்துக் காட்டினார். அவன் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மூக்குக்கு மட்டும் தெரிந்தது, மரியாதையாகத் தள்ளி நின்றான்.

இராயப்பனுக்கு இப்போது ஒரு மணம் உண்டாகியிருந்தது. சென்ட் பூசினார். மணம் சென்டையும் சேர்த்துக்கொண்டு பெரிதாயிற்று. கூட்டங்களில் அவருடைய நாற்காலி மேடையின் ஓரத்துக்கு நகர்ந்தது, பிறகு மேடையை விட்டே இறங்கியது. கோயிலில் அவர் இருந்த வாங்குப் பலகையில் வேறு யாரும் இருக்கவில்லை. இந்த நிலையில்தான் நுவரெலியாவில் அவருக்கு "மலையக மணிமுடி" பட்டம் சூட்ட நாள் குறித்தார்கள். பல வருடம் அலைந்து வாங்கிய பட்டம். மணிமுடியைத் தலையில் வைக்க ஒருவர் கிட்ட வர வேண்டும். இராயப்பனுக்கு அதுதான் கவலை.

கேத்ரினுக்கு வேறு கவலை. அவர் லயத்துக்கு இறங்கிப் போனார். டிலுக்ஷி காம்பரா வாசலில் கூடைக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள்.

"டிலுக்ஷி, ஒங்கம்மா எங்க வீட்டுல குளிக்குது."

டிலுக்ஷி நிமிரவில்லை. "தெரியுங்க. இருமல் இங்கன வரைக்கும் கேக்குது. எங்கம்மா இருமல் எனக்குத் தெரியாதா?"

"நீ சொன்னா போகாதா?"

"கூப்புட்டது யாருங்க?"

கேத்ரின் திரும்பி, மேட்டிலிருந்த தன் வீட்டைப் பார்த்தார்.

"கூப்புட்டு வந்த ஆள எப்பிடிங்க போகச் சொல்றது? குளிச்சு முடிஞ்சா அடுத்த ஆள அதுவே கூப்புடும்."

"அடுத்த ஆளுன்னா?"

"ஒங்க வீட்டுக்காரருக்கு அது எத்தன மொற விட்டுக் குடுத்திருக்கு. இப்ப மட்டும் மறந்துருமா?" டிலுக்ஷி முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். "அது கூப்புடறதுக்கு முந்திப் பீலியில தண்ணி விட்டுருங்க. பொறகு என்னாத்த விட்டாலும் ஒன்னுதான்."

கேத்ரின் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார். இராயப்பன் மணிமுடி உரையைத் திருத்திக்கொண்டிருந்தார். "கூப்புடுமா? என்னையா?" அவர் முகம் பல நாளுக்குப் பிறகு மலர்ந்தது. "அப்ப குளிக்கலாம்."

பட்டமளிப்பு நாள். பிற்பகலில் மிஸ்ட் என்கிற பனிமூட்டம் இறங்கியது. முதலில் தேயிலை மலை மறைந்தது, பிறகு லயம், பிறகு கேட், பிறகு முற்றத்தில் நின்ற கார். வீட்டைச் சுற்றி வெள்ளை மட்டும் மிஞ்சியது. கூரைத் தகரத்திலிருந்து சொட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தன. இராயப்பன் கோட்டைக் கட்டிலில் விரித்து வைத்துவிட்டு, அங்கியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே மொண்டு ஊற்றும் சத்தம் நின்றது.

அத்தனை நாளும் நிற்காதது நின்றது.

வாளியின் கம்பிப் பிடி கிறீச்சென்று ஒருமுறை அசைந்தது. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. ஆவி தரையோடு தவழ்ந்து அவர் கால்வரை வந்தது.

"ராயப்பு."

அந்தக் குரலில் கோபம் எதுவும் இல்லை. 

"நீ முன்னுக்குக் குளி, ராயப்பு. பள்ளிக்கொடத்துக்கு நேரமாச்சுல்ல."

வாசலில் நின்ற நீல வாளியைக் காணோம்.

"பாத்தியா?" இராயப்பன் எழுந்தார். "விட்டுக் குடுத்துருச்சு. பழைய ஆளுங்க மரியாதை தெரிஞ்சவங்க."

"போகாதீங்க. பீலிய இப்பவே போயித் தொறக்கிறேன், அது வரைக்கும் போகாதீங்க."

"மிஷினுக்குத் தண்ணி வேணும். குளிச்சுட்டு வந்து பேசுவோம்."

அவர் உள்ளே போனார். கதவு மூடியது. ஆவி சீறியது. கொஞ்ச நேரம் மகிழ்ச்சியான முனகல் கேட்டது.

பிறகு, "கேத்ரின், மிஷின் வேல செய்யுதா?"

"செய்யுதுங்க. கண்ணாடி கொதிக்குது."

"குளிருது."

உள்ளே மழை பெய்யும் சத்தம். தேயிலைச் செடிமேல், ஆளில்லாத மலையில், பிற்பகல் மழை பெய்யும் சத்தம்.

"கேத்ரின், இங்க மழ பெய்யுது." பல் அடித்துக்கொண்டது. "எனக்குப் பக்கத்துல யாரோ குந்தியிருக்காங்க."

கேத்ரின் கதவுப் பிடியைப் பற்றினார். உள்ளங்கை வெந்தது. கதவு அசையவில்லை.

"அடுத்த வாளியக் கூப்புட்டுட்டு வெளிய வாங்க!"

"அடுத்த வாளி" என்றார் இராயப்பன். மேடையில் பேசிப் பழகிய கணீர்க் குரல். யாரும் வரவில்லை. "அடுத்த வாளி!"

வரிசையில் வாளி இல்லை.

கேத்ரின் வீடு முழுவதும் ஓடினார். வாளி இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்ட வீடு. வாளிக்குப் பதிலாக ரைஸ் குக்கர் சட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு இருமல் மட்டும் வந்தது. இருமலில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

அவர் மிஸ்ட்டுக்குள் இறங்கி லயத்துக்கு ஓடினார். கால் சறுக்கியது. டிலுக்ஷி அதே வாசலில் நின்றாள்.

"ஒரு வாளி குடு டிலுக்ஷி. ஒடனே குடு. அவருக்குப் பின்னுக்கு வைக்கணும்."

"வாளியாங்க?" டிலுக்ஷி சாந்தமாகச் சொன்னாள். "லயத்து வாளியெல்லாம் ஆத்துக்குப் போயிருக்கு. இங்கனதான் தண்ணி இல்லையே. வாறதுக்குச் செணங்கும், நேரமாகும். மேடுதானே. உள்ளுக்கு வந்து இருங்க."

கேத்ரின் இருக்கவில்லை. அவர் ஊற்றுக்குத் திரும்பி ஏறினார். வெந்த கையால் கறுப்புக் குழாயைப் பிடுங்கி எறிந்தார். தண்ணீர் பழைய வழியைத் தேடிக்கொண்டு இறங்கியது. கீழே மிஸ்ட்டுக்குள், காய்ந்த கல்லில், பீலி விழத் தொடங்கிய சத்தம் கேட்டது. பெண்கள் ஆற்றிலிருந்து நிறை வாளிகளோடு அப்போதுதான் மேடேறிக்கொண்டிருந்தார்கள். நிறை வாளியோடு யாரும் ஓட முடியாது.

ஒரு வாளியை வாங்கி, வழியெல்லாம் சிந்திக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தபோது கண்ணாடிக் கதவு திறந்து கிடந்தது.

இராயப்பன் பலகையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, கேட்டருகே காத்திருக்கும் ஆளைப் போலக் குந்தியிருந்தார். உதடு நீலம். தலைமயிரில் தேயிலைத் தழை. கணுக்காலில் இரத்தம் குடித்து வீங்கிய அட்டைகள். டைல்கள் இன்னும் தொட முடியாத சூட்டில் இருந்தன. அவர் மட்டும் ஐஸாகக் குளிர்ந்திருந்தார்.

"மழையில எங்க இவ்வளவு நேரம் நின்னாரு?" என்று டாக்டர் கேட்டார்.

"பாத்ரூம்லங்க" என்றார் கேத்ரின்.

நுவரெலியாவில் மணிமுடியை வேறொருவருக்குச் சூட்டினார்கள். அளவு சரியாக இருந்ததாம்.

பீலியில் இப்போது வாளிகள் பழையபடி வரிசையாக நிற்கின்றன. அதில் நீல வாளி இல்லை. இருமலும் இல்லை. ஷிஹாம் வந்து மிஷினைக் கழற்றிக்கொண்டு போனார். குளியலறைக்குப் போகும் வயரைத் துண்டித்தார், குழாயை அடைத்தார். ஆனாலும் மிஸ்ட் இறங்கும் பிற்பகல்களில் கண்ணாடி உட்புறமாக வியர்க்கிறது. பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தத்துக்கு நடுவே, மேடையில் பேசிப் பழகிய ஒரு குரல், மரியாதையாக, களைத்துப்போய்க் கூப்பிடுகிறது.

"அடுத்த வாளி... அடுத்த வாளி..."

கேத்ரினின் உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது. அவர் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே தேநீர் குடிக்கிறார். கணவர் போட்டுவிட்டுப் போன உத்தரவுகளில் ஒன்றை மட்டும் அவர் இன்றுவரை மீறவில்லை: அந்த வீட்டில் வாளி கிடையாது.

நீராவி அறையில் விதைக்கிழங்கு போட்டு வைத்திருக்கிறார். நன்றாக முளைக்கிறது.